நார்த்தங்காய்க்குப் பின்பக்கம்

செர்லாய், மட்டாஞ்சேரி
28 ஜூன் 2025, சனி

அடியே சகீ,

நான் கடிதம் என்று ஒன்று எழுதி எத்தனை காலம் ஆயிற்றோ! பேனாவைத் தேடியே பாதி மத்தியானம் போயிற்று. கடைசியில் இவருடைய பழைய சட்டைப் பையில் ஒன்று அகப்பட்டது. எழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தால் பேனாவைத் திட்டு, என்னைத் திட்டாதே. ஏற்கெனவே நீ என்னை மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாய்.

நீதான் போனை எடுக்க மாட்டேன் என்கிறாயே, நான் என்ன செய்ய? மணி அடிக்கிறது, அடிக்கிறது, பிறகு அந்த மலையாளப் பெண் வந்து உன்னால் இப்போது பேச முடியாது என்கிறாள். உன்னால் பேச முடியாத நேரம் என்று ஒன்று உண்டா? கடைக்கே போய் மொய்துக்காவிடம் கேட்டேன். உன் புருஷன் புட்டுக்குடங்களைத் துடைத்துக்கொண்டே, "அவளுக்கெ கோவம் உங்களுக்கு அறியாதா? ரெண்டு நாள் கழிஞ்சா சரியாவும்" என்றார். ரெண்டு நாள் கழிந்து வாரமும் ஆகிவிட்டது.

வியாழக்கிழமை பை திரும்பி வந்தது. சுப்ரியாவின் பல் கிளினிக்குக்கு அனுப்புமுன் வழக்கம்போல ஒரு புரட்டு புரட்டினேன். இரண்டு வாரப் பத்திரிகை, நாம் 'குண்டு' என்று பெயர் வைத்த அந்தத் தடி மாத இதழ் ஒன்று, எதிலும் உன் பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை! நாம் சேர்ந்து பத்திரிகை வாங்கிப் பையில் போட்டு வீடு வீடாகச் சுற்றவிட ஆரம்பித்து ஒன்பது வருடம். நீ வைப்பினுக்குக் குடி போன பிறகும் மொய்துக்கா தோளில் அது தண்ணீர் தாண்டித் தாண்டி வருகிறது. உனக்கு டைபாய்டு வந்தபோதுகூட ராசிபலன் பக்கத்தில் 'முழுப் பொய்' என்று எழுதி அனுப்பினவள் நீ. இப்போது என்ன ஆயிற்று?

குண்டுவில் ஒரு பக்கத்தை வெட்டினேனே, அதுவா? விதி எனக்குத் தெரியும். பை எல்லா வீடும் சுற்றி முடிந்த பிறகுதான் கத்தரி. அந்த விதியைப் போட்டதே நான்தான். ஆனால் நீயே சொல். பாலக்காட்டிலிருந்து இவர் மாமா ஒரு சாக்கு நார்த்தங்காய் அனுப்பிவிட்டார். மழையோ விட்டபாடில்லை. சாக்குக்குள் பூசணம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, படிக்கும்போது தொந்தரவு வேண்டாமென்று வழக்கம்போல போனை அரிசி டப்பாவில் போட்டு மூடிவிட்டு, குண்டுவைப் பின்னாலிருந்து புரட்டிக்கொண்டு வருகிறேன், 'வெயில் இல்லாமல் உப்பு நார்த்தங்காய்' என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான்! தேடாமல் கிடைத்தது, சகீ. போனில் தேடியிருந்தால் முப்பது பேர் முப்பது விதமாகச் சொல்லி, நடுவில் தலைமுடி எண்ணெய் விற்றிருப்பார்கள். கை சும்மா இருக்குமா? வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்.

பின்பக்கம் பார்த்தாயா என்று கேட்பாய். பார்த்தேன். யாரோ எஸ். எம். பானுவாம், அவளுடைய கதையின் கடைசிப் பத்தி. புதுப் பெயர். இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று தோன்றிற்று. நானும் படிக்கவில்லை.

இதற்காகவா இத்தனை கோபம்? நீ கூப்பிடுவாய் என்று போன ஞாயிறு அரிசி டப்பாவின் மூடியைத் திறந்தே வைத்திருந்தேன். எறும்பு வந்ததுதான் மிச்சம்.

சங்கரி

*

வைப்பின்
1 ஜூலை

மதிப்பிற்குரிய சங்கரி அவர்களுக்கு,

நலம். நலமறிய அவா என்று எழுதுவதுதான் மரியாதை. இந்த வாரம் அவா இல்லை.

கடிதம் கிடைத்தது. உங்கள் நார்த்தங்காய் பிழைத்தது அறிந்து மகிழ்ச்சி.

கத்தரியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. விதி போட்டவர் மீறலாம்போல. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். யாரோ எஸ். எம். பானு என்று எழுதியிருந்தீர்கள். அந்த யாரோ ஒருத்தியும் எங்கேயோ ஒரு வீட்டில் உட்கார்ந்து, அடுப்பில் பாலையும் பார்த்துக்கொண்டு, எழுதி, அடித்து, திரும்ப எழுதித்தானே அந்தக் கடைசிப் பத்திக்கு வந்திருப்பாள்? அதைப் படிக்க ஆள் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? படித்துப் பார்த்துவிட்டு நன்றாக இல்லை என்று வெட்டியிருந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது.

நான் பையைத் திறந்து அந்தப் பக்கத்துக்கு வந்தபோது ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னல் வழியாக அடுத்த பக்கத்து மூட்டுவலித் தைலக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இனிமேல் பையை எனக்கு அனுப்ப வேண்டாம். நேராக சுப்ரியாவின் கிளினிக்குக்கே போகட்டும். பல்வலிக்காரர்களுக்கு முடிவு இல்லாத கதை போதும். பாதி படிக்கும்போதே உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
சகீலா மொய்து

*

செர்லாய்
5 ஜூலை, சனி

சகீ,

'அவர்களுக்கு' என்று போட்டு எழுதியிருக்கிறாய். ஏழாம் வகுப்பில் என் டிபன் பாக்ஸிலிருந்து தினமும் அவியலைத் திருடினவள் எனக்கு 'அவர்கள்' போடுகிறாள்! கடிதத்தை இவரிடம் காட்டினேன். "கொஞ்சம் பயமாத்தான் இருக்கு கேட்டியா" என்றார். எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

சரி, யாரோ ஒருத்திக்காக இந்தக் குதி குதிக்கிறாளே, அப்படி என்னதான் இருக்கிறது என்று சுப்ரியாவின் கிளினிக்குக்குப் போய் குண்டுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். போனை அரிசியில் போட்டேன். காபியோடு உட்கார்ந்தேன். கதையின் பெயர் 'ஞாயிற்றுக்கிழமைக் கப்பை'. மரவள்ளிக்கிழங்குக்கு ஒரு கதையா என்று கேலி செய்யத் தயாராகத்தான் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நன்றாக இருக்கிறது, சகீ. உண்மையாகவே நன்றாக இருக்கிறது! இரண்டு சிநேகிதிகள். ராபியா தண்ணீர் தாண்டி அக்கரைக்குக் குடிபோகிறாள். மங்களம் இக்கரையில் இருக்கிறாள். இந்த மங்களம் இருக்கிறாளே, சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. வெண்டைக்காய்க் கடையில் கஸ்டம்ஸ் ஆபீசர் மாதிரி ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்க்கிறாள். வாங்காத புடவையையும் மடித்து வைத்துவிட்டுத்தான் கடையை விட்டு இறங்குகிறாள். பத்திரிகையைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டுகிறாள். ஊரில் என்னைப் போலவே இன்னொருத்தி இருக்கிறாள் பார் என்று இவரைக் கூப்பிட்டு வாசித்துக்கூடக் காட்டினேன். இவர் என்னையே மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

ராபியா பாத்திரம் வாங்குமுன் விரலால் தட்டி, காது கொடுத்துக் கேட்கிறாள். அங்கே கொஞ்சம் நெருடியது. அடுத்த பத்தியில், 'மங்களத்தின் அரிசி டப்பாவுக்குள்ளிருந்து போன் மணி அடித்தது' என்று வந்தது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். உலகத்தில் எத்தனை வீட்டில் அரிசி டப்பாவுக்குள்ளிருந்து போன் மணி அடிக்கும்?

அதற்குப் பிறகு பத்து வரி. அப்புறம் ஜன்னல், தைலக்காரர்.

செருப்பைக்கூட மாற்றாமல் உன் கடைக்கு ஓடினேன். "மொய்துக்கா, யார் இந்த எஸ். எம். பானு?" என்றேன். மனுஷர் கையிலிருந்த இட்லித் தட்டுகள் அத்தனையும் கீழே விழுந்தன. "எனக்கொண்ணும் அறியில்ல" என்றார், கேட்காத கேள்விக்கெல்லாம் சேர்த்து.

சகீ, நீயா?

நீதான் என்றால் ஒரே ஒரு வரி எழுது. எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

சங்கரி

*

வைப்பின்
8 ஜூலை

சங்கரி,

நான்தான்.

ஒரு வரி கேட்டாய், கொடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் நான் சொல்லிக்கொள்ள ஆசைப்படுவதால் எழுதுகிறேன்.

இங்கே வந்த பிறகு சாயங்காலம் எனக்கு நீளமாகிவிட்டது. மட்டாஞ்சேரியில் என்றால் நாலு மணிக்கு நீ வந்துவிடுவாய், இல்லை நான் வந்துவிடுவேன். இங்கே சாயாவைப் போட்டு வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றால் ஜங்கார் போவதும் வருவதும் தெரியும். கார், ஆட்டோ, பைக், ஆள் என்று அந்தப் படகு இந்தக் கரையில் கொட்டிவிட்டு அந்தக் கரைக்கு அள்ளிக்கொண்டு போகும். பார்த்துப் பார்த்து ஒரு நாள் எழுத உட்கார்ந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. இவர் மட்டும் தபாலில் சேர்த்தார். சென்னையிலிருந்து ஆசிரியர் போன் செய்து, "ஜூன் இதழ்ல உங்க கதை வருதும்மா" என்றபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மீனில் உப்புப் போட மறந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, அவ்வளவு சிரித்த முகமாக இருந்திருக்கிறேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்பாய். லிங்க் அனுப்பினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? குரூப்பில் நாற்பது கைகள் கும்பிடும், பூங்கொத்து வரும், 'சூப்பர் இத்தா' என்று வரும். ஒருவர்கூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். நீயும் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு கட்டைவிரல் போடுவாய். எனக்குக் கட்டைவிரல் வேண்டாம். உன் பென்சில் வேண்டும்.

நீ பத்திரிகை படிக்கிற விதம் எனக்குத் தெரியும். சுமாராக இருந்தால் ஒரு கோடு. நன்றாக இருந்தால் இரண்டு கோடு. காபி ஆறிப்போனது தெரியாமல் படித்திருந்தால் ஓரத்தில் ஒரு டம்ளர் படம். ஒன்பது வருடத்தில் நீ போட்ட டம்ளரை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பெரிய பெரிய எழுத்தாளர்களுக்கே இரண்டு கோடு போட்டு, 'இழுவை' என்று எழுதுகிறவள். என் பெயர் தெரியாமல், சும்மா புரட்டிக்கொண்டு வரும்போது, நீ இந்தக் கதையில் தடுக்கி விழ வேண்டும். விழுந்து என்ன போடுவாய்? அதை மட்டும் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. பை வந்த ஞாயிறு, பெற்ற மகள் ஃபிதாவைக்கூட அறைக்குள் விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தேன்.

மீதியை ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

ஆசிரியர் எனக்கென்று ஒரு பிரதி அனுப்பினார். நான் கதையை அனுப்பின கவரின் மேல் பழைய மட்டாஞ்சேரி விலாசத்தை எழுதித் தொலைத்திருக்கிறேன். கை தானாக எழுதிவிட்டது. அது திரும்பிப் போய்விட்டது. பிராட்வே பத்திரிகைக் கடைச் சேட்டனுக்கு வருவதோ இரண்டே பிரதி. ஒன்று உனக்கு, ஒன்று எர்ணாகுளத்தில் யாரோ ஒரு மாமாவுக்கு. ஆக, முடிவு உன் அலமாரிக் கதவில்தான் இருக்கிறது, முகத்தை மரத்தில் அழுத்திக்கொண்டு.

முடிவு என்ன என்று கேட்காதே. என் வாயால் சொல்ல மாட்டேன். ஒரு கதையை எழுதிவிட்டுப் பிறகு உட்கார்ந்து அதைச் சொல்லிக் காட்டுவது மாதிரி அசிங்கம் வேறில்லை.

இனி நான் எழுதப் போவதில்லை. அதற்கு நீ காரணம் இல்லை. பாதிக்குப் பாதி நீ காரணம்.

சகீலா

*

செர்லாய்
13 ஜூலை, ஞாயிறு

என் சகீ,

மைதாப் பசையை நான் காய்ச்சினால் அது எப்படிப்பட்ட பசை என்று உனக்குத் தெரியும். நகத்தால் நோண்டினேன், ஓரம் கிழிய ஆரம்பித்தது. நிறுத்திவிட்டேன். இவர் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். "அந்தக் கதவைத் தொட்டா கையை ஒடிச்சுடுவேன்" என்றேன். பாவம், மனுஷர் உதவிக்குத்தான் வந்தார்.

அப்போதுதான் உன் கடையில் வாங்கின புட்டுக்குடம் கண்ணில் பட்டது. தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டேன். குழலை எடுத்துவிட்டால் அந்த வாயிலிருந்து ஆவி எப்படிச் சீறும்! இவர் கதவைக் கீலோடு கழற்றி, இரண்டு கையாலும் குடத்துக்கு மேலே சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்டூலில் ஏறி நின்று தோசைத் திருப்பியை நுழைத்து, நூல் நூலாக நகர்த்தினேன். கண்ணாடி முழுக்க ஆவி. இவர் வேர்த்து விறுவிறுத்து, "இது முடியறதுக்குள்ளே நான் வெந்துடுவேன்" என்று புலம்பினார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "எந்தா சேச்சி, கதகிட்டு புட்டுண்டாக்குகயாணோ?" என்று கேட்டாள். கதவைப் புட்டு அவிக்கிறாயா என்று! ஆமாம் என்றேன்.

கடைசியில் துண்டு முழுசாக வந்தது. பசையை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஓரத்தில் சில எழுத்து மங்கல், மற்றதெல்லாம் தெளிவு. மின்விசிறிக்குக் கீழே காய வைத்துவிட்டு, காயும்வரை பொறுக்காமல் நின்றபடியே படித்தேன்.

ராபியா ஞாயிறுதோறும் கப்பையை வேகவைத்து வைத்துக்கொண்டு ஜன்னலில் நிற்கிறாள். மங்களம் 'அடுத்த ஞாயிறு நிச்சயம்' என்று போனில் கைகூப்பி அனுப்புகிறாள். 'கப்பை ஆறிக்கொண்டிருந்தது. அந்த ஞாயிறும் அவள் வரவில்லை' என்று முடித்திருக்கிறாய்.

நான் அழுதேன், சகீ. இவர் பயந்துபோய் அடுப்பை அணைத்தார்.

நீ குடிபோனது நவம்பரில். ஒரு தடவை வந்தேனா? ஜங்காரில் ஏறினால் ஒரு சாயா குடிக்கிற நேரம். ஏன் வரவில்லை என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். வந்துவிட்ட மாதிரியே இருந்தது, அதுதான் காரணம். தினமும் பேசினோம். வீடியோவில் சமையலறையைக் காட்டினாய், திரைச்சீலையைக் காட்டினாய், ஃபிதாவின் மேஜையைக் காட்டினாய். உன் ஜன்னல் திரையின் பூ என்ன நிறம் என்று எனக்குத் தெரியும். உன் வாசலுக்கு எத்தனை படி என்று தெரியாது. உன்னைப் பார்க்காமலே பார்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அதற்காகக் கதையில் குறையே இல்லை என்று சொல்லிவிடுவேன் என்று நினைக்காதே. நடுவில் மழையைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருக்கிறாயே, இழுவை. ஒன்று போதும். மங்களம் சிப்ஸைத் திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்பது அபாண்டம், நான் எல்லோர் முன்னாலும்தான் தின்கிறேன். ஆனால் அந்த வெண்டைக்காய்க் கடை! எழுதமாட்டேன் என்று இன்னொரு தடவை சொன்னால் வந்து உதைப்பேன்.

உதைக்க வருகிறேன். 20ஆம் தேதி ஞாயிறு, பத்து மணி ஜங்கார். துண்டைப் பக்கத்தில் திரும்ப ஒட்டி நானே கொண்டுவருகிறேன், மொய்துக்கா தோளில் இல்லை. பென்சில் போட்டாயா என்று கேட்காதே. இன்னும் போடவில்லை.

சங்கரி

*

வைப்பின்
15 ஜூலை

அடியே சங்கரி,

கதவை வைத்துப் புட்டு அவித்த கதையை இவருக்கும் ஃபிதாவுக்கும் படித்துக் காட்டினேன். இவர் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து கீழே விழப் பார்த்தார். பிறகு, "ரெண்டு பேரும் ஒரு போன் செய்தா தீர்ற காரியத்துக்கு எனக்கு ஒரு மாசமா தபால் பணி" என்று முனகினார். ஆனால் உன் கடிதம் வருகிற நாளில் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுகிறார், அதையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஃபிதாவுக்கு விஷயம் இப்போதுதான் தெரியும். "உம்மா கத எழுதியா? லிங்க் தா" என்றாள். லிங்க் இல்லையடி, பேப்பர்தான் என்றேன். அவளுக்கு மலையாளம்தானே படிக்க வரும்? அடுப்படியில் உட்காரவைத்து, ஞாபகத்திலிருந்து முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சங்கரி மாமி வரும், நோக்கிக்கோ" என்றாள். குழந்தைக்கு உன்மேல் நம்பிக்கை அதிகம்.

எனக்குக் கொஞ்சம் குறைவு. பத்து மணி ஜங்கார் என்கிறாய். இந்த மழையில் காற்றுக் கொஞ்சம் பலத்தால் அது நின்றுவிடும். நின்றால் உனக்குச் சாக்குக் கிடைத்துவிடும். வந்தால் வா. வராவிட்டால் கடிதம் எழுதி விளக்காதே. கப்பையை நான் வேகவைக்கப் போவதில்லை. கதையில் வேகவைத்தது போதும்.

மழைப் பத்தி இழுவையா? அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்! வா, பேசிக்கொள்ளலாம்.

சகீலா

*

செர்லாய்
18 ஜூலை, வெள்ளி

சகீ,

ஜங்கார் நின்றால் நான் நின்றுவிடுவேனா? படகு கண்டுபிடிக்குமுன் மனுஷர்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்களா? எர்ணாகுளம் போய், பாலம் ஏறி, வல்லார்பாடம் வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வருவேன். எத்தனை நேரம் ஆனாலும் சரி. போனை அரிசி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவள் வரமாட்டாள் என்று நீயே முடிவு கட்டிக்கொள்ளாதே.

நார்த்தங்காய் ஊறிவிட்டது. இத்தனை ரகளைக்குக் காரணமான காய் எப்படி இருக்கிறது என்று நீயும் தின்று பார்க்க வேண்டாமா?

கப்பையை வேகவை.

சங்கரி

*

வைப்பின்
21 ஜூலை, திங்கள்

சங்கரி,

நேற்று நீ என் வீட்டுக்குள் நுழைந்த பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். நுழையுமுன் நடந்தது தெரியாது. அதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கப்பையைக் காலையிலேயே வேகவைத்துவிட்டேன். வேகவைக்க மாட்டேன் என்று எழுதினது சும்மா. பத்து மணிக்கு ஜன்னலுக்குப் போனேன். மழை என்றால் அப்படி ஒரு மழை, அக்கரையே தெரியவில்லை. ஜங்கார் ஓரமாகக் கட்டிக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் குடையோடு வந்து படகுத்துறை வாசலில் சங்கிலியை மாட்டிவிட்டுப் போனான். சரி, முடிந்தது என்று தோன்றியது. எழுதினது அப்படியே நடக்கிறதே என்று எரிச்சல்கூட வந்தது. ஃபிதா போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "விளிச்சு நோக்கு உம்மா" என்றாள். வேண்டாம், அது அரிசிக்குள் கிடக்கிறது என்றேன். இவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். பன்னிரண்டு மணிக்குக் கப்பையைத் தொட்டுப் பார்த்தேன். ஆறிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஜன்னலை விட்டு நகர மனசு வரவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் எனக்குப் பின்னால், ரோட்டுப் பக்கத்துக் கதவை யாரோ உடைக்கிற மாதிரி இடித்தார்கள்.

நீ நின்ற கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! குடை மேல்நோக்கி மலர்ந்திருக்கிறது. புடவை முழங்கால்வரை சேறு. ஒரு கையில் ஊறுகாய் பாட்டில். பத்திரிகைப் பையை மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தாய். எத்தனையோ மாதம் கழித்து என்னைப் பார்த்து நீ சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஏண்டி, வல்லார்பாடத்திலே கண்டெய்னர் லாரிக்குப் பின்னாடி பஸ்ஸு நகரவே இல்லை. உன் வாசலுக்கு மூணு படியா?" என்றாய். நான் உன் குடையைப் பிடுங்கி மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்தான், "ஆமா, மூணு" என்றார்.

ஆறின கப்பையை நீ இரண்டு தட்டு தின்றாய். நார்த்தங்காய் ஊறுகாய் நன்றாகத்தான் இருக்கிறது, இஷ்டமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ஃபிதா பாட்டிலைத் தன் மேஜையில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

பையைத் தொடவிடாமல், "நான் போனப்புறம் பாரு" என்று என் கையில் அடித்தாயே, அதனால் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு ஓடி வந்தேன். போனை எங்கள் அரிசி டிரம்மில் போட்டேன். எங்கள் டிரம் பெரிது, எடுக்க ஃபிதா பிறகு தோள்வரை கையை விட வேண்டியிருந்தது. குண்டுவை எடுத்து, முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். நேராக அந்தப் பக்கத்துக்குப் போகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜோதிடம், கோலம், வாசகர் கடிதம் எல்லாவற்றையும் தாண்டி வந்தேன். ஜன்னல் இருந்த இடத்தில் துண்டு பொருந்தி உட்கார்ந்திருந்தது. மைதா வாசனை வந்தது. மழைப் பத்தி ஓரத்தில் 'இழுவை' என்று எழுதியிருக்கிறாய். சரி, எழுதிக்கொள்.

கடைசி வரிக்கு வந்தேன். 'அந்த ஞாயிறும் அவள் வரவில்லை' என்று அச்சடித்திருந்தது. 'வரவில்லை'யை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் 'வந்தாள். பஸ்ஸில்.' என்று எழுதியிருக்கிறாய்.

ஒரு கோடு இல்லை. இரண்டு கோடும் இல்லை. பிறகுதான் பக்கத்தின் கீழ் ஓரத்தைப் பார்த்தேன்.

ஆசிரியருக்கு நாளைக்குப் பதில் எழுத வேண்டும், இன்னொரு கதை கேட்டிருக்கிறார். இந்தத் தடவை விலாசத்தைச் சரியாக எழுதுவேன், வைப்பின் என்று. பையை இவரிடம் கொடுத்தனுப்புகிறேன், சுப்ரியாவின் பல்வலிக்காரர்கள் முழுக் கதையும் படிக்கட்டும். உன் பென்சிலை அழிக்காமல் படிக்கச் சொல்.

ஃபிதாவைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவளுக்குத் தமிழில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் சின்ன வயதிலிருந்து நம் பையைப் புரட்டி வளர்ந்தவள் அல்லவா? பக்கத்தின் கீழ் ஓரத்தைப் பார்த்ததும், அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "உம்மா, டம்ளர்!" என்று கத்தினாள்.

உன்,
எஸ். எம். பானு